இருபத்திரண்டாவது மண்டகப்படி

எங்கள் முத்துமாலை நகரில் உரக்குவியல் நடந்து போனதைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். மீன் வாங்க நின்றால் ஒன்று, சர்ச் வாசலில் நின்றால் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் கையும் காலும் முளைத்து இப்போது ஒரு கதைக்கு இன்னொரு கதையை அடையாளம் தெரியாத அளவுக்கு ஆகிவிட்டது. அதையெல்லாம் விட்டுவிட்டு நான் சொல்வதைக் கேளுங்கள். அது புறப்பட்டது என் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து. அதைப் போட்டவள் என் பெண்டாட்டி சுயம்புக்கனி. அதை ஊரெல்லாம் சுற்ற விட்டு அவளுக்கு மட்டும் இல்லாமல் பண்ணிய மடையன் நான். மடையன் என்று நானே சொல்லிவிட்டேன், நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

என் பெயர் தவசிலிங்கம். தூத்துக்குடியில் ஒரு உப்புக் கம்பெனியின் எடைமேடையில் முப்பத்து நாலு வருஷம் கிளார்க்காக இருந்தேன். லாரி ஏறும், முள் ஆடும், முள் நிற்கும், நின்ற இடத்தை எழுதுவேன். என் சொந்த மைத்துனன் லாரியானாலும் முள் ஒரு கோடு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகராது. ரிட்டயர் ஆனவர்கள் இருபத்திரண்டு பேர் சேர்ந்து, பழைய உப்பளத்தை மனையாகப் போட்டு விற்றதை வாங்கி வீடு கட்டினோம். அதுதான் முத்துமாலை நகர். மண்ணைப் பார்த்தால் கோலப்பொடி கொட்டின மாதிரி வெள்ளையாகப் பூத்திருக்கும், சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பூச்சு உதிர்ந்துகொண்டே இருக்கும், முருங்கைக் கம்பை நட்டால்கூட மூன்றாம் மாதம் விறகாகும். அந்த நகருக்குச் சங்கம் வைத்தபோது, எடைமேடைக்காரன் நியாயமாக இருப்பான் என்று என்னைச் செயலாளர் ஆக்கினார்கள், நானும் பதினேழு வருஷம் நியாயமாக இருந்து தொலைத்தேன்.

என் நியாயத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான்: எது வந்தாலும் என் வீட்டுக்குக் கடைசியில் வர வேண்டும், அப்போதுதான் ஒரு பயல் ஒரு சொல் சொல்ல மாட்டான். தெருவிளக்கு வந்தது, கடைசியில் எங்களுக்கு வந்தது. தார் ரோடு வந்தது, எங்கள் வாசலுக்கு முன்னால் தார் தீர்ந்தது. குடிதண்ணீர்க் குழாய் வந்தது, இருபத்தோரு வீட்டுக்கும் போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வரும்போது குழாய் ஆறடி குறைந்தது, அந்த ஆறடிக்குச் சுயம்புக்கனி பதினோரு வருஷம் குடம் தூக்கினாள். ஒரு நாளாவது சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. அவள் கேட்டதெல்லாம் வாசலில் ஒரு கறிவேப்பிலைச் செடி, அதுவும் என்னிடம் அல்ல, மண்ணிடம். பதினோரு கன்று வைத்தாள், பதினொன்றும் கருகின. பன்னிரண்டாவதை ஒரு பெயின்ட் வாளியில் வைத்துக் குளியலறை ஜன்னலில் ஏற்றிவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"இது பன்னெண்டாவது. வாளிக்குள்ள எம்புட்டு நாளு கெடக்கும்? மண்ணு பண்ணி நடப் போறேன். இதுவும் போச்சுன்னா நான் தென்காசிக்கு மக வீட்டுக்குப் போயிருவேன். அங்க செம்மண்ணு. திரும்பி வர மாட்டேன்."

நான் சரி என்று சொல்லிப் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

மண்ணை விலைக்கு வாங்கிக் கொட்டினால் ஆறு மாதத்தில் கீழேயிருந்து உப்பு ஏறி அதுவும் வெளுத்துவிடும், அதனால் மண்ணைப் பண்ணத்தான் வேண்டும் என்று எங்கேயோ கேட்டு வந்திருந்தாள். பின்பக்கம் எட்டுச் செங்கல்லை அடுக்கி, அதன் மேல் தென்னை மட்டையைக் குறுக்கும் நெடுக்கும் போட்டு, ரயில்வே கேட் வாகை மரத்தடியில் கூட்டி வந்த சருகு ரெண்டு பங்கு, அடுப்படிக் கழிவு ஒரு பங்கு, அதன் மேல் சாணிக் கரைசல், மறுபடி சருகு, மறுபடி கழிவு, நாலு நாள் புளித்த மோரில் வெல்லம் கரைத்து மேலே தெளித்து, மறுபடி சருகு என்று நெஞ்சு உயரத்துக்கு ஏற்றினாள். எங்கள் இரண்டு பேர் சாப்பாட்டில் கழிவு எவ்வளவு விழும்? வாளியைத் தூக்கிக்கொண்டு இருபத்தோரு வீட்டுக்கும் போனாள். வாழைக்காய்த் தோல், வெங்காயச் சருகு, முட்டை ஓடு, தேயிலைச் சக்கை என்று எல்லார் வீட்டுச் சாப்பாட்டின் மிச்சமும் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஐந்தாம் நாள் குவியல் சூடேறியது. கையை முழங்கை வரை உள்ளே விட்டுப் பார்த்து, "காய்ச்சக்காரன் அக்குள் மாதிரி இருக்கு, நல்லாப் பிடிச்சிட்டு" என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது, அதனால் நினைவிருக்கிறது.

ஒன்பதாம் நாள் காலையில் குவியல் செங்கலை விட்டு ஒரு சாண் தள்ளி இருந்தது. பத்து மணிக்கு ஒரு முழம். பதினொரு மணிக்குத் துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அரைமணிக்கு ஒரு முழம் என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வந்தபோது அது மதில் சுவரை ஒட்டி நின்றது, கழுவி முடித்துத் துண்டில் துடைத்தபோது சுவர் இருந்தபடியே இருந்தது, குவியல் அந்தப் பக்கம் இருந்தது. சுவரில் லேசாக ஆவி பறந்தது.

அந்தப் பக்கம் ஒன்றாம் நம்பர் வீடு, சங்கத் தலைவர் ஐயாக்குட்டி அண்ணாச்சியுடையது. அவர் சுவருக்கு மேலாகத் தலையை நீட்டி, "வே தவசி, ஒம்ம வீட்டுக் குப்பை எங்க வீட்டுக்கு வந்திருக்கு" என்றார். வந்தால் திரும்பிப் போகும் என்றேன். மூன்று நாள் அங்கே இருந்தது. நான்காம் நாள் அது நகர்ந்து தெருவுக்கு வந்தபோது, அது உட்கார்ந்திருந்த இடத்தில் பத்துக்குப் பத்து அடிக்கு மண் கறுப்பாக, பொலபொலவென்று, மண்புழு நெளிய, மழை பெய்த முதல் நாள் வாசனையோடு கிடந்தது. அண்ணாச்சி வீட்டில் விதை போடாமலே பூசணி கொடி விட்டது. எங்கள் வீட்டில் அது எட்டு நாளும் செங்கல் மேலேயே இருந்ததால் அடியில் இருந்தது பழைய உப்புதான்.

நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். குவியலின் நீள அகலத்தை டேப்பால் அளந்து, எதிர்த்த திண்டில் உட்கார்ந்து எழுதி முடித்து நிமிர்ந்தால் அது ரெண்டு வீடு தள்ளி இருந்தது. எழுதினதில் 'ஆக்கிரமிப்பு' என்பதை அடித்துவிட்டு 'வாகனம்' என்று எழுதினார், வாகனம் என்றால் தன் துறை அல்ல என்று சொல்லிவிட்டு, ரெஜினா டீச்சர் வீட்டில் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். ரெஜினா டீச்சர் எங்களுக்கு அடுத்த வீடு, இருபத்தோராம் நம்பர், பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவள்.

அதற்குள் நகருக்கே விஷயம் விளங்கிவிட்டது. அடுப்படிக் கழிவு எங்கே புதிதாக இருக்கிறதோ அங்கே அது போகிறது. போன இடத்தில் மூன்று நாள் உட்காருகிறது. உட்கார்ந்த இடம் மண்ணாகிறது. அவ்வளவுதான். விளங்கின மறுநாளே இருபது வாசலிலும் கழிவு குவிந்தது. ஒருவர் பலாத்தோலைப் போட்டார், எதிர்வீட்டுக்காரர் பலாப்பழத்தையே பிளந்து போட்டார், குவியல் ரெண்டுக்கும் நடுவில் தெருவில் நின்று இந்தப் பக்கம் ஒரு சாண் அந்தப் பக்கம் ஒரு சாண் என்று ஆடிக்கொண்டே இருந்தது, ஒரு பகல் முழுக்க ஒருத்தருக்கும் பிரயோசனமில்லாமல் தார் ரோட்டை மண்ணாக்கியது. கைகலப்பு வரும் போலிருந்ததால் சங்கம் கூடியது.

கூட்டத்தில் யார் முதலில் அந்தச் சொல்லைச் சொன்னார்கள் என்று தெரியவில்லை, ஆனால் சொன்ன பிறகு அதை மாற்றிச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. தேர் ஓடினால் வழியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மண்டகப்படி இருக்கும் இல்லையா, அவர்கள் முறை வரும் நாளில் சாமி அவர்கள் பந்தலில் தங்கும், படையலும் மரியாதையும் அவர்கள் செலவு. அது மாதிரி வீட்டுக்கு மூன்று நாள் மண்டகப்படி என்று தீர்மானம் ஆயிற்று. முறை உள்ள வீடு மட்டும்தான் வாசலில் கழிவு வைக்கலாம்; மற்ற வீட்டுக் கழிவும் சருகும் அந்த வீட்டுக்கே போக வேண்டும்; உட்கார்ந்து எழுந்த இடத்தின் மண் அந்த வீட்டுக்கே சொந்தம், ஒரு கூடைகூட வெளியே போகக் கூடாது. பட்டியல் போடுகிற வேலை எனக்கு. ஐயாக்குட்டி அண்ணாச்சி வீட்டில் ஏற்கனவே மூன்று நாள் இருந்துவிட்டதால் அது ஒன்று. பிறகு நம்பர் வரிசை. என் வீடு இருபத்திரண்டு. அது குவியல் பிறந்த வீடு என்பதால் முன்னால் போடலாம் என்று டீச்சர் எழுந்து சொன்னாள், நான்தான் உட்காரச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து பட்டியலைக் காட்டினேன். சுயம்புக்கனி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வரை படித்தாள்.

"வாசல்ல ஒரு பப்பாளித்தோலு போட்டா இப்பவே வந்துரும்," என்றாள். "என் கையால போட்டது. என் கைவாசன அதுக்குத் தெரியும்."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

"இருபத்தோரு வீட்டுக்கு ரெண்டு மாசம். செடி தாங்காது."

"தாங்கும்," என்றேன். ஏதோ எடைமேடையில் செடியை ஏற்றிப் பார்த்தவன் மாதிரி சொன்னேன். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுத் தோலையும் தொலியையும் வாளியில் அள்ளி நானே ரெண்டாம் நம்பர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவள் வைத்திருந்த சருகு மூட்டையையும் தோளில் போட்டுக்கொண்டு போனேன்.

அதன் பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் திருவிழா என்றுதான் சொல்வார்கள். குவியல் வீடு மாறுகிற நாளில் குடை பிடித்தார்கள், ஒரு வீட்டில் நாதஸ்வரம் வைத்தார்கள், அடுத்த வீட்டுக்காரர் தவில் சேர்த்து வைத்தார், அதற்கடுத்த அந்தோணி மைக்கேல் வீட்டில் மெழுகுவர்த்தி வரிசை வைத்து ஜெபமாலை சொன்னார்கள், குவியல் அதையும் மூன்று நாள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டது. தோல் போடுவது மரியாதைக் குறைவு என்று ஆரம்பித்தார்கள். தோலை மாட்டுக்குப் போட்டுவிட்டுப் பழத்தைக் குவியலுக்கு வைத்தார்கள். நெய் வழிகிற சர்க்கரைப் பொங்கல், குடம் குடமாகப் பால், பன்னீர், ஜரிகை நூலில் கட்டிய ஆளுயர மாலை. சருகை மட்டும் ஒருத்தரும் போடவில்லை. மண்டகப்படிக்குச் சருகு வைத்தான் என்று நாளைக்கு நாலு பேர் பேசுவார்களே.

சுயம்புக்கனி தினமும் போனாள். கையில் குப்பை புரட்டுகிற நாலுபல் முள்கரண்டியும் இடுப்பில் ஒரு சாக்குச் சருகுமாகப் போய் நின்று, "அது மூச்சுவிடணும், பெரட்டி விடணும், ரெண்டு பங்கு காஞ்சது போடணும், பால ஊத்தாதீங்க, அழுகிப் போயிரும்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். சில வீட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தார்கள். குளித்துவிட்டு வந்தால் தொடலாம் என்று பதினொன்றாம் நம்பரில் சொன்னார்கள், குப்பையைத் தொட்ட பிறகுதானே குளிப்பார்கள் என்று இவள் கேட்டாள். ஜரிகை நூலை மட்டும் விரலால் ஒவ்வொன்றாக உருவி எடுத்துக்கொண்டு வருவாள், வீட்டில் ஒரு டப்பா நிறைய ஜரிகை சேர்ந்தது.

குவியல் வற்றிக்கொண்டு வந்தது. நெஞ்சளவு இருந்தது ஆறாம் வீட்டில் இடுப்பளவு, பத்தாம் வீட்டில் முழங்கால், பதினைந்தாம் வீட்டைத் தாண்டும்போது ஒரு குழந்தையை உட்கார வைத்த அளவு. அதன் சூடு போயிற்று, புளித்த மாவு வாடை வந்தது, நடையும் தளர்ந்தது. பாலூற்றினால் தேறும் என்று மேலும் பால் ஊற்றினார்கள். அதே நேரத்தில் நகரைப் பார்த்தீர்களானால் கண்கொள்ளாது. வெள்ளைப் பொட்டலாகக் கிடந்த இடத்தில் வெண்டையும் அவரையும் பிச்சியும் நின்றன, தொட்டிச் செடிக்கே வழியில்லாதவர்கள் பந்தல் போட்டுப் பீர்க்கங்காய் பறித்தார்கள், ஐயாக்குட்டி அண்ணாச்சி பூசணியை வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டுக் குளியலறை ஜன்னலில் பன்னிரண்டாவது செடி இலை உதிர்த்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் அவள் அண்ணாச்சியிடம் ஒரு கூடை மண் கேட்க, அவர் மகிழ்ந்துபோய் ரெண்டு கூடை அள்ளித் தந்திருக்கிறார். நான் அதை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேன். தீர்மானம் என்றேன். அவள் கூடை சுமந்து வந்த சும்மாட்டுத் துணியைத் தலையிலிருந்து எடுத்து உதறி மடித்துக் கொடியில் போட்டாள்.

அறுபத்து மூன்று நாளுக்கு மூன்று நாள் குறைய, குவியல் இருபத்தோராம் வீட்டுக்கு வந்தபோது கவிழ்த்த இட்லிச் சட்டி அளவுதான் இருந்தது. நாதஸ்வரமெல்லாம் ஏற்கனவே நின்றுபோயிருந்தது. ரெஜினா டீச்சர் அதை வாசலில் பார்த்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, இத நீங்க எடுத்துக்கோங்க. எனக்குத் தோட்டமெல்லாம் ஒத்து வராது, முதுகு வலி. இருக்கிறது ஒரு செடிக்குக் காணும்."

சுயம்புக்கனி என்னைப் பார்த்தாள். செடியில் அப்போது இலையோடு ரெண்டு ஈர்க்குதான் இருந்தது. இப்போது யோசித்தால் எனக்கே என் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருக்கிறது, ஆனால் அன்றைக்கு என் மனதில் ஓடியதெல்லாம் இருபது வீடு ஒழுங்காகப் போய் இருபத்தொன்றில் முறை தவறினால் அத்தனை நாள் நியாயமும் வீணாகிவிடுமே என்பதுதான். "இருபத்தொண்ணுன்னா இருபத்தொண்ணு, டீச்சர். மூணு நாளு கழிச்சு எங்களுக்கு வரும்," என்றேன்.

மூன்றாம் நாள் அது வரவில்லை. போய்ப் பார்த்தோம். டீச்சர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஈரமாக ஒரு கறுப்பு வட்டம் இருந்தது, அதன் மேல் மாலையின் ஜரிகை கொஞ்சம் கிடந்தது. சுயம்புக்கனி குனிந்து ஜரிகையை எடுத்துவிட்டு, உள்ளங்கையை அந்த ஈரத்தில் வைத்துப் பார்த்தாள். டீச்சர் அழுதாள். இவள் அழவில்லை.

வீட்டுக்கு வந்து நாலு சேலையை மடித்துப் பையில் வைத்தாள், பெயின்ட் வாளியைச் செடியோடு எடுத்து இடுப்பில் வைத்தாள்.

"ஊருல எல்லாருக்கும் பங்கு வச்சீங்க," என்றாள். "நான் ஊருல சேத்தி இல்லையா?"

மினிபஸ் வரும் வரை கூடவே நின்றேன், வாளியை நான் தூக்குகிறேன் என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். பஸ் போயிற்று.

பத்து நாள் நகரே எனக்குச் சோறு போட்டது. பீர்க்கங்காய்க் கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், எல்லாம் அந்த மண்ணில் விளைந்தது, தூக்குச்சட்டியைத் திறந்துவிட்டு மறுபடி மூடி வைப்பேன். வீட்டில் அவள் இல்லை என்பதை விட, இருந்த முப்பத்தெட்டு வருஷமும் அவளைப் பட்டியலின் அடியில் வைத்திருந்தேன் என்பதுதான் என்னை உட்கார விடவில்லை. ஒரு நாள் மத்தியானம் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். கை கழுவிவிட்டு, ராஜினாமாக் கடிதம் எழுதி அண்ணாச்சியிடம் கொடுத்தேன், கொடுத்த கையோடு பின்பக்கம் போய் எட்டுச் செங்கல்லை மறுபடி அடுக்கினேன்.

அடுக்கிவிட்டேன், மேற்கொண்டு என்ன செய்வது என்று தெரிய வேண்டுமே. தென்காசிக்குப் போன் போட்டேன்.

"மோர எத்தன நாளு புளிக்க வைக்கணும்?"

"நாலு," என்றாள். வைத்துவிட்டாள்.

மறுநாள் சாணியை எவ்வளவு தண்ணீரில் கரைப்பது என்று கேட்டேன், சொன்னாள், வைத்தாள். அதற்கு மறுநாள் முட்டை ஓட்டை உடைக்க வேண்டுமா என்று கேட்டேன். ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான். ரெண்டாவது கேட்டால் எங்கே வைத்துவிடுவாளோ என்று பயம்.

கழிவுக்கு என்ன செய்வது? வாளியைத் தூக்கிக்கொண்டு நான்தான் போக வேண்டியிருந்தது. பதினேழு வருஷத்தில் அந்தத் தெருவில் என் வீட்டுக்கென்று ஒரு தீப்பெட்டி கேட்டவன் இல்லை நான். ஐயாக்குட்டி அண்ணாச்சி வாசலில் நின்றபோது நாக்கு ஒட்டிக்கொண்டது.

"என்னவே, சங்கத்துக்கா?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி. எனக்கு. எனக்கு வேணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பூசணித்தோலைக் கொண்டுவந்து வாளியில் போட்டார். பிறகு ஒவ்வொரு வீடாகப் போனேன், ஒவ்வொரு வீட்டிலும் எனக்கு என்று சொன்னேன், பன்னிரண்டாம் வீட்டுக்கு வரும்போது நாக்கு பழகிவிட்டது. ரயில்வே கேட்டில் சருகு கூட்டினேன், கேட் கீப்பர் சிரித்தான், சிரிக்கட்டும். ரெண்டு பங்கு காய்ந்தது, ஒரு பங்கு பச்சை, நடுவில் கரைசல், மேலே மோர் என்று நெஞ்சு உயரத்துக்கு ஏற்றினேன், வாரம் ஒரு தரம் முதுகு ஒடியப் புரட்டினேன். மூன்றாம் தரம் புரட்டும்போது ஆவி முகத்தில் அடித்தது.

அதற்கு மறுநாள் காலை, குவியல் செங்கலை விட்டு ஒரு சாண் தள்ளி இருந்தது.

எனக்கு முன்னாலேயே நகருக்குத் தெரிந்துவிட்டது. சங்கத்துக்குப் புதுச் செயலாளர் இன்னும் வரவில்லை, பட்டியலும் இல்லை. இருபத்தோரு வாசலிலும் கழிவு குவிந்தது. முதல் தரத்தில் பத்தடி கிடைத்தவர்களுக்கு இருபதடி வேண்டியிருந்தது. குவியல் இந்த முறை பின்சுவர் பக்கம் போகாமல் வீட்டைச் சுற்றி முன்பக்க கேட்டை நோக்கி வந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கேட்டுக்கு ரெண்டு முழம். நான் துண்டை விரித்து கேட்டுக்குக் குறுக்கே படுத்துவிட்டேன்.

அண்ணாச்சி ஓடி வந்தார், பின்னாலேயே எல்லாரும் வந்தார்கள். "வே, சொவத்துக்குள்ள பூந்து போற சாமானுக்கு நீரு குறுக்க படுத்து என்ன ஆவப்போவுது?" என்றார். நியாயமான கேள்விதான். எனக்கும் தெரியாது, படுத்திருக்கிறேன் என்றேன். குவியல் வந்து என் முதுகில் சாய்ந்தது. சுவருக்குள் போனது மாதிரி எனக்குள் போகவில்லை, நின்றது. கொஞ்சம் தலைப்பக்கமாக நகர்ந்தது, நானும் புழு மாதிரி நெளிந்து தலைப்பக்கம் நகர்ந்தேன். கால்பக்கம் வந்தது, நானும் வந்தேன். சட்டை முதுகோடு ஒட்டிப் புழுங்கியது. அந்த நேரம் சட்டைப்பையில் போன் அடித்தது. அவளாக அடித்தது அதுதான் முதல் தரம்.

"இன்னைக்கு ஒண்ணும் கேக்கலையே, ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. கேட்டுக்குக் குறுக்க படுத்துக் கெடக்கேன்."

"எதுக்கு?"

"அது வெளிய போகப் பாக்குது."

"பட்டியல்ல எந்த வீடு?"

"பட்டியலெல்லாம் இல்ல, கனி. இது ஒனக்குப் போட்டது. நான் விடமாட்டேன்."

தென்காசியில் சேவல் கூவுகிற சத்தம் கேட்டது.

"சூடு எப்படி இருக்கு?"

"முதுகு வேவுது."

"அப்ப நல்லாத்தான் போட்டிருக்கீங்க," என்றாள். "எந்திரிச்சிராதீங்க. பஸ் ஏறுதேன்."

தென்காசியிலிருந்து திருநெல்வேலி, அங்கிருந்து தூத்துக்குடி, அங்கிருந்து மினிபஸ், எல்லாம் சேர்ந்து நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவு நேரமும் நான் தலைப்பக்கமும் கால்பக்கமும் நெளிந்துகொண்டே இருந்தேன். நகரும் பழகிக்கொண்டது; முதலில் பேசிப் பார்த்தார்கள், பிறகு பஞ்சாயத்து வைத்தார்கள், வெயில் ஏறினதும் யாரோ குடை பிடித்தார்கள், டீச்சர் டீயை ஸ்டிராவில் உறிஞ்சக் கொடுத்தாள், யாரோ ஒருவர் தேங்காய் உடைக்கலாமா என்று கேட்டதற்கு மட்டும் நான் கெட்ட வார்த்தை சொன்னேன். அவரவர் வாசலில் பலாத்தோல் காய்ந்துகொண்டிருந்தது.

ரெண்டு மணிக்கு மேல் இருக்கும், முதலில் அவள் செருப்புதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. பையை மட்டும் வைத்திருந்தாள்.

"செடி?" என்றேன்.

"அங்க வேரு பிடிச்சிட்டு. ஒம்பது ஈர்க்கு விட்டிருக்கு. அத எதுக்குப் பிடுங்கணும், அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அவள் என்னைத் தாண்டி உள்ளே வந்து, முந்தானையை முழங்கைக்கு மேல் ஒதுக்கிக்கொண்டு, குவியலுக்குள் கையை விட்டாள். விட்ட கையை ரொம்ப நேரம் எடுக்கவில்லை. குவியல் அப்போது என்னை விட்டுப் பக்கத்துச் சுவர்ப்பக்கமாக, டீச்சர் வீட்டுப் பக்கம், மெல்லச் சாய ஆரம்பித்தது. நான் நெளிந்து அந்தப் பக்கம் போவதற்குள் போய்விடும் என்று தெரிந்தது, வாயைத் திறந்தேன், அதற்குள் அவள் பையைத் தலைக்கு வைத்து, அத்தனை பேர் பார்க்க, சுவருக்கும் குவியலுக்கும் நடுவில் அதற்கு முதுகைக் கொடுத்துப் படுத்துவிட்டாள்.

ஐயாக்குட்டி அண்ணாச்சி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இது என்ன முறை வே?" என்று என்னைத்தான் கேட்டார். பதில் குவியலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

"அண்ணாச்சி, இது எங்க வீட்டுக்கு. எல்லாரும் போயிச் சாப்பிடுங்க."

கொஞ்ச நேரம் நின்றார்கள், பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். குவியல் எங்கள் இரண்டு முதுகுக்கும் நடுவில் அசையாமல் இருந்தது. எனக்கு அவள் முகம் தெரியவில்லை.

"கனி, சுடுதா?" என்று கேட்டேன்.

"பொறுத்துக்கிடலாம்," என்றாள்.